ஏஜென்ட் ஒப்பந்தம் முடிந்த பிறகு கமிஷன் தகராறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டை விற்க அமர்த்திய ஏஜென்டின் ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டது. இனி விற்றால் கமிஷன் கொடுக்க வேண்டியதில்லைதானே?

அப்படிச் சட்டென்று சொல்லிவிட முடியாது. ஒப்பந்தம் முடிந்ததும் உங்களுக்காகச் செயல்படும் அதிகாரம் ஏஜென்டிடமிருந்து போய்விடுகிறது. ஆனால் அதற்கு முன்பு அவர் செய்துமுடித்த வேலைக்கான கூலி அதோடு சேர்ந்து போய்விடுவதில்லை. மே மாதம் அவர் அழைத்துவந்து காட்டிய ஆள் ஜூலையில் வாங்கினால், ஜூன் மாதமே ஒப்பந்தம் முடிந்தது என்பது மட்டும் உங்களைக் காப்பாற்றாது.

பெரும்பாலான தகராறுகள் மூன்று தேதிகளுக்குள் அடங்கிவிடும். ஒப்பந்தம் முடிந்த தேதி, வாங்கியவரை ஏஜென்ட் அறிமுகப்படுத்தியதாகச் சொல்லும் தேதி, விற்பனை ஒப்பந்தம் கையெழுத்தான தேதி. மூன்றையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதற்கான ஆதாரத்தையும் குறித்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நான் கையெழுத்திட்டது எந்த வகை ஒப்பந்தம் என்பது முக்கியமா?

முக்கியம். பெயர்கள் நாட்டுக்கு நாடு மாறினாலும் வகைகள் மூன்றுதான். ஒப்பந்தக் காலத்தில் யார் விற்றாலும், உரிமையாளர் தானே ஆள் பிடித்து விற்றாலும்கூட, ஏஜென்டுக்குக் கமிஷன் உண்டு என்பது முழு உரிமை ஒப்பந்தம். வேறு ஏஜென்ட் மூலம் விற்றால் கமிஷன் உண்டு, உரிமையாளர் தானாக விற்றால் இல்லை என்பது தனி ஏஜென்ட் ஒப்பந்தம். பலரிடம் சொல்லிவைத்து, முடித்துக் கொடுப்பவருக்கு மட்டும் கமிஷன் என்பது பொது ஒப்பந்தம்.

முதல் இரண்டிலும் ஏஜென்ட் அந்தக் குறிப்பிட்ட விற்பனையில் விரலைக்கூட அசைக்காமல் கமிஷன் பெற வாய்ப்பிருக்கிறது. காலம் முடிந்த அன்றோடு அந்தச் சலுகை தீர்ந்துவிடும். அதன் பிறகு மிஞ்சுவது, உண்மையில் செய்த வேலைக்கான உரிமையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவைத்த நீட்சி உரிமையும்தான். பழைய ஏஜென்ட் "எங்களுடையது முழு உரிமை ஒப்பந்தம், யார் விற்றாலும் எங்களுக்குத்தான்" என்று காலம் முடிந்த பிறகும் சொல்லிக்கொண்டிருந்தால் அந்த வாதம் செல்லாது.

அந்த நீட்சி உரிமை என்பது என்ன? எத்தனை நாள்?

ஒப்பந்தக் காலத்தில் ஏஜென்ட் அறிமுகப்படுத்திய ஒருவர், ஒப்பந்தம் முடிந்து குறிப்பிட்ட நாட்களுக்குள் வாங்கினால் கமிஷன் உண்டு என்று சொல்லும் பிரிவு அது. இங்கே அதை நீட்சிக் காலம் என்று அழைப்போம். காரணம் எளிது. அது இல்லையென்றால், ஏஜென்ட் கொண்டுவந்த ஆளிடம் "ஒப்பந்தம் முடியும்வரை பொறுங்கள், கமிஷனை நாம் இருவரும் பங்கிட்டுக்கொள்ளலாம்" என்று உரிமையாளர் சொல்லிவிடலாம். 30, 60, 90, 180 நாள் என்று எழுதுவது வழக்கம்.

நாட்களின் எண்ணிக்கையைவிட, எந்த நிகழ்வு அந்த நாட்களுக்குள் நடக்க வேண்டும் என்பதில்தான் சிக்கல். ஒப்பந்தம் மார்ச் 31-இல் முடிகிறது, நீட்சி 90 நாள் என்றால் கடைசி நாள் ஜூன் 29. ஜூன் 25-இல் விற்பனை ஒப்பந்தம் கையெழுத்தாகி, ஆகஸ்டில் சொத்து கைமாறுகிறது. பிரிவு "விற்பனை ஒப்பந்தம் கையெழுத்தானால்" என்று சொன்னால் கமிஷன் உண்டு. "விற்பனை நிறைவடைந்தால்" என்று சொன்னால் இல்லை. "விற்கப்பட்டால்" என்று மொட்டையாக எழுதியிருந்தால் வழக்குதான். தெளிவில்லாத வாசகத்தை, அதை எழுதியவருக்குப் பாதகமாகவே நீதிமன்றங்கள் பொதுவாகப் படிக்கும். ஏஜென்டின் அச்சடித்த படிவம் என்றால் அந்தப் பாதகம் ஏஜென்டுக்கு.

நாளே குறிப்பிடாமல் நீட்சி எழுதுவதும் உண்டு. இங்கிலாந்தில் ஏஜென்டுகள் தரவேண்டிய தகவல்கள் பற்றிய 1991 விதிமுறைகள் வரையறுத்த முழு உரிமை வாசகத்திலேயே, காலம் முடிந்த பிறகு வாங்கினாலும் அந்தக் காலத்தில் அறிமுகமானவர் என்றால் கமிஷன் உண்டு என்று இருக்கிறது. எல்லை எதுவும் இல்லை. அதனால் அங்குள்ள சொத்துத் துறைக் குறைதீர்ப்பாளரின் நடத்தை விதி ஒரு எல்லை வகுத்தது: வேறு ஏஜென்ட் மூலம் விற்றால் 6 மாதம், வேறு ஏஜென்ட் யாரும் இல்லையென்றால் 2 ஆண்டு.

அறிமுகம் செய்தவர்களின் பட்டியல் தரவேண்டுமா?

நல்ல ஒப்பந்தங்களில் ஒரு நிபந்தனை இருக்கும்: ஒப்பந்தம் முடிந்த இத்தனை நாட்களுக்குள், நீட்சி உரிமை கோரும் நபர்களின் பெயர்களை ஏஜென்ட் எழுத்தில் தரவேண்டும். அப்படி எழுதியிருந்தால் பட்டியலே உரிமைக்கான சாவி. ஏஜென்ட் ஒரு நாள் தாமதித்தாலும் உரிமை போய்விட்டது என்று வாதிடலாம், பல சமயம் அந்த வாதம் வெல்லும்.

பட்டியலில் வழக்கமாக நடக்கும் கோளாறுகள்: தொலைபேசியில் விசாரித்த எல்லோரையும் சேர்த்து 80 பெயர் கொடுப்பது, வீடு பார்த்த தேதி இல்லாமல் வெறும் பெயர் மட்டும் கொடுப்பது, கணவர் பெயர் எழுதி, மனைவி பெயரில் வாங்கியபோது மாட்டிக்கொள்வது, வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, ஒப்பந்தம் கேட்டது மின்னஞ்சலோ பதிவுத் தபாலோ என்பதைக் கவனிக்காமல் விடுவது. ஒவ்வொரு பெயருக்கும் நேரில் பார்த்த தேதி, அழைத்துச்சென்றவர், விலை பேசியிருந்தால் சொன்ன விலை ஆகிய மூன்றும் இருந்தால் அது பட்டியல். இல்லையென்றால் அது டெலிபோன் டைரக்டரி.

உரிமையாளருக்கு ஒரு யோசனை. ஒப்பந்தம் கேட்காவிட்டாலும், முடிந்த மறுநாளே "உங்கள் பட்டியலை 7 நாளுக்குள் அனுப்புங்கள்" என்று எழுதிக் கேளுங்கள். பதில் வராமல் போனாலும் அந்தக் கடிதம் பின்னால் உதவும். பட்டியல் வந்தால், அதில் உண்மையில்லாத பெயர்களை அப்போதே மறுத்து எழுதிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து மறுத்தால் யாரும் நம்பமாட்டார்கள்.

"அறிமுகம்" என்றால் சரியாக என்ன? விளம்பரப் பலகையைப் பார்த்துவிட்டு வந்தவரும் அறிமுகமா?

ஒப்பந்தம் வரையறுத்திருந்தால் அதுதான் விடை. சில படிவங்கள் விளம்பரத்தைப் பார்த்ததையே அறிமுகமாகக் கொள்ளும். அப்படிப்பட்ட படிவத்தில் கையெழுத்திடும் முன்பே அந்த வரியை அடித்துவிடுவது நல்லது. ஏனென்றால் இணையத்தில் யார் எப்போது எதைப் பார்த்தார் என்பதை உரிமையாளரால் அறியவே முடியாது.

வரையறை இல்லையென்றால் என்ன ஆகும் என்பதற்கு 2008-இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பு நல்ல உதாரணம். முதல் ஏஜென்ட் மூலம் வீட்டைப் பார்த்தவர்கள் ஆர்வம் காட்டாமல் போய்விட்டார்கள். சில மாதங்கள் கழித்து இன்னொரு ஏஜென்ட் மூலம் அதே வீட்டை வாங்கினார்கள். முதல் ஏஜென்ட், "நாங்கள் அறிமுகப்படுத்திய ஆள்தானே வாங்கியிருக்கிறார்" என்று கமிஷன் கேட்டார். வீட்டை அறிமுகப்படுத்தினால் போதாது, அந்த வாங்குதலுக்கே ஏஜென்ட் காரணமாக இருந்திருக்க வேண்டும் என்று நீதிமன்றம் மறுத்துவிட்டது.

நீட்சிக் காலம் என்ற பேச்சே ஒப்பந்தத்தில் இல்லை. அப்போது எப்படி முடிவாகும்?

அந்த விற்பனைக்கு மூலகாரணம் யார் என்ற கேள்விக்கு வந்துவிடுவோம். ஆங்கிலச் சட்ட மரபு சார்ந்த நாடுகளில் இதுவே பொது விதி. காரணம் என்பது அறிமுகத்தில் தொடங்கி கையெழுத்துவரை அறுபடாமல் போகும் ஒரு கயிறு மாதிரி. அது எங்காவது அறுந்ததா என்றுதான் பார்ப்பார்கள்.

ஏஜென்டுக்குச் சாதகமாக எடைபோடப்படுபவை: வாங்கியவரை முதலில் கண்டுபிடித்தது அவர், விலைப் பேச்சு அவர் வழியாகவே நடந்தது, பேசிய விலைக்கும் முடிந்த விலைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, ஒப்பந்தம் முடிவதற்கும் விற்பனைக்கும் இடையே சில வாரங்களே இடைவெளி, கடைசி நேரத்தில் உரிமையாளர் காரணமின்றி அவரை விலக்கியது.

எதிராக எடைபோடப்படுபவை: வாங்குபவர் "வேண்டாம்" என்று தெளிவாகச் சொல்லிப் போய்விட்டுப் பிறகு வேறொருவர் பேச்சால் திரும்பிவந்தது, இடையில் அவருடைய நிலைமையே மாறியது, உதாரணமாக முன்பு மறுக்கப்பட்ட வங்கிக் கடன் கிடைத்தது அல்லது சொந்த வீட்டை விற்றுக் கையில் பணம் வந்தது, புது ஏஜென்ட் விலை, தவணை, காலி செய்யும் தேதி எல்லாவற்றையும் புதிதாகப் பேசி முடித்தது, பழைய ஏஜென்ட் மாதக்கணக்கில் எட்டிப்பார்க்காதது.

முதலில் காட்டியவருக்கே கமிஷன் என்ற நம்பிக்கை தொழிலில் பரவலாக இருக்கிறது. நீதிமன்றத்தில் அது பாதி உண்மைதான்.

ஒப்பந்தம் உண்மையில் எப்போது முடிந்தது என்பதிலேயே தகராறு இருக்கிறதே?

இது அடிக்கடி வரும் தகராறு, பெரும்பாலும் உரிமையாளரின் கவனக்குறைவால் வருவது. "இனி நீங்கள் பார்க்க வேண்டாம்" என்று போனில் சொன்னதோடு முடிந்துவிட்டதாக நினைப்பார்கள். ஒப்பந்தம் எழுத்து மூலமான நோட்டீஸ் கேட்டிருந்தால், அந்தப் போனுக்குப் பிறகும் ஒப்பந்தம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று ஏஜென்ட் வாதிடுவார். தனி ஏஜென்ட் ஒப்பந்தமாக இருந்து, புது ஏஜென்ட் மூலம் விற்றால், அறிமுகம் பற்றிய கேள்வியே எழாமல் பழையவருக்கு முழுக் கமிஷன் விழும்.

பார்க்க வேண்டிய இடங்கள் இவை. தானாகப் புதுப்பிக்கும் வரி இருக்கிறதா? குறைந்தபட்சக் காலம் 12 வாரம், நோட்டீஸ் 2 வாரம் என்றால், 10-ஆம் வாரத்தில் நோட்டீஸ் கொடுத்து 12-இல் முடிக்கலாமா, அல்லது 12 முடிந்த பிறகுதான் கொடுத்து 14-இல் முடிக்க முடியுமா? நோட்டீஸ் அனுப்பிய நாள் கணக்கா, கிடைத்த நாள் கணக்கா?

சில சட்டங்கள் உங்களுக்கு உதவும். கலிபோர்னியாவில் முழு உரிமை ஒப்பந்தத்துக்குத் திட்டவட்டமான முடிவுத் தேதி இல்லாமல் ஏஜென்ட் கமிஷன் கேட்கக் கூடாது. ஐக்கிய இராச்சியத்திலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும், இணையத்திலோ போனிலோ உங்கள் வீட்டிலோ வைத்து முடித்த நுகர்வோர் ஒப்பந்தங்களை 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம் என்பது பொது விதி. இந்தியாவில் 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 206-ஆவது பிரிவு நியாயமான முன்னறிவிப்பு கேட்கிறது. குறிப்பிட்ட காலத்துக்கு அமர்த்திய ஏஜென்டைப் போதிய காரணமின்றி முன்கூட்டியே விலக்கினால் நஷ்டஈடு என்கிறது 205-ஆவது பிரிவு.

இருவரும் பேசிப் பிரிகிறீர்கள் என்றால், ஏஜென்டிடம் ஒரு பக்கக் கடிதம் வாங்குங்கள். ஒப்பந்தம் இன்ன தேதியில் முடிந்தது, நீட்சி உரிமை இந்தப் பெயர்களுக்கு மட்டும் இன்ன தேதிவரை உண்டு, விளம்பரச் செலவு உட்பட வேறு பாக்கி இல்லை என்ற மூன்று செய்திகளும் அதில் இருந்தால் போதும்.

புது ஏஜென்டை அமர்த்திவிட்டேன். இருவருக்கும் கமிஷன் கொடுக்கும் நிலை வருமா?

வரும். இரண்டு ஒப்பந்தங்களும் தனித்தனி. ஒன்றுக்குப் பணம் கொடுத்தது இன்னொன்றுக்கு விடையாகாது. அதனால்தான் கவனமாக எழுதிய நீட்சிப் பிரிவுகளில், வேறு உரிமம் பெற்ற ஏஜென்டோடு புதிதாக முழு உரிமை அல்லது தனி ஏஜென்ட் ஒப்பந்தம் போட்டால் பழைய நீட்சி செல்லாது என்ற வரி இருக்கும். உங்கள் ஒப்பந்தத்தில் அது இல்லையென்றால், புது ஏஜென்டிடம் பழைய பட்டியலைக் கொடுத்து, அந்தப் பெயர்களில் யாராவது இன்ன தேதிக்குள் வாங்கினால் உங்களுக்குக் கமிஷன் கிடையாது, அல்லது பாதிதான் என்று முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். புதியவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. விற்ற பிறகு இரண்டு பில்களைக் கையில் வைத்துக்கொண்டு இதைப் பேச முடியாது.

வாங்குபவர் தன் பெயரில் வாங்காமல் தம்பி பெயரிலோ கம்பெனி பெயரிலோ வாங்கினால்?

"வாங்குபவர், அவருடைய குடும்பத்தார், பங்குதாரர், அவர் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனம்" என்று ஒப்பந்தம் விரித்திருந்தால் கமிஷன் உண்டு. விரிக்காவிட்டாலும், பணம் யாரிடமிருந்து வந்தது, குடியிருப்பது யார் என்று தோண்டுவார்கள். ஏமாற்றும் நோக்கம் தெரிந்தால் பெயர் மாற்றம் காப்பாற்றாது.

விலை பேசி முடித்தோம், கடைசியில் விற்பனை நடக்கவில்லை. இருந்தும் கமிஷன் கேட்கிறார்கள்.

எந்த நிகழ்வில் கமிஷன் பிறக்கிறது என்று ஒப்பந்தத்தில் தேடுங்கள். "விற்பனை நிறைவில்" என்றால், நிறைவில்லாமல் கமிஷன் இல்லை. அப்போது உச்ச நீதிமன்றமாகவும் இருந்த இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 1941-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் வெளியான ஒரு வழக்கில் இதை அறுதியிட்டுச் சொன்னது. இரண்டு திரையரங்குகளை விற்க ஏஜென்ட் ஆள் கொண்டுவந்தார், உரிமையாளர்கள் கடைசியில் விற்கவில்லை, ஏஜென்டுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. உரிமையாளர் பின்வாங்கக் கூடாது என்ற நிபந்தனை ஒப்பந்தத்தில் மறைந்திருப்பதாகப் படிக்க முடியாது என்றார்கள்.

"தயாராகவும் விருப்பத்தோடும் வாங்கும் வசதியோடும் உள்ள ஒருவரைக் கொண்டுவந்தால்" என்று எழுதியிருந்தால் கதை வேறு. நீங்கள் விற்க மறுத்தாலும் கமிஷன் பாக்கி நிற்கும். அந்த ஆளிடம் பணம் இல்லாமல் விற்பனை முறிந்தால் யார் நஷ்டம் தாங்குவது என்ற கேள்விக்கு நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் 1967-இல் ஏஜென்டே என்று விடை சொன்னது. விற்பவரின் தவறால் முறிந்தால் மட்டும் விற்பவர் பொறுப்பு. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 219-ஆவது பிரிவும், வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், ஒப்படைத்த செயல் நிறைவேறும்வரை ஏஜென்டின் ஊதியம் பாக்கியாகாது என்கிறது.

எழுத்தில் எதுவுமே இல்லை. போனில் பேசியதுதான்.

அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் கமிஷன் ஒப்பந்தம் எழுத்தில் இருந்தே தீரவேண்டும். மற்ற பல நாடுகளில் வாய்ப்பேச்சும் ஒப்பந்தமே. 2019-இல் ஐக்கிய இராச்சிய உச்ச நீதிமன்றம் விசாரித்த வழக்கில் ஏஜென்ட் தொலைபேசியில் 2 சதவீதம் என்று மட்டும் சொல்லியிருந்தார். எப்போது தரவேண்டும் என்று யாரும் பேசவில்லை. விற்பனை முடிந்து பணம் கைக்கு வரும்போது என்பதே சாதாரண மனிதர் புரிந்துகொள்வது என்று நீதிமன்றம் ஏஜென்டுக்குச் சாதகமாகத் தீர்த்தது. ஆனால் சட்டப்படி எழுத்தில் தரவேண்டிய விவரங்களைக் காலத்தில் தராததால், அவருடைய தொகையில் மூன்றில் ஒரு பங்கு வெட்டப்பட்டது. இரு தரப்பும் இதை நினைவில் வைக்கலாம்.

ஏஜென்ட் தவறு செய்திருந்தால் கமிஷனை மறுக்கலாமா?

சின்னச் சின்னக் குறைகளுக்கு முடியாது. படம் சரியாக எடுக்கவில்லை, போனை எடுக்கவில்லை என்பதெல்லாம் தொகையைக் குறைக்கப் பேசலாமே தவிர மறுக்கக் காரணமாகாது. உங்களிடம் சொல்லாமல் வாங்குபவரிடமும் கமிஷன் வாங்கியது, அதிக விலைக் கோரிக்கையை மறைத்தது, தானே பினாமியாக வாங்கியது போன்ற விசுவாசத் துரோகம் கமிஷனை முழுதாக இழக்கச் செய்யும். இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 220-ஆவது பிரிவு இதற்கானது. உரிமம் கட்டாயமான இடங்களில் உரிமம் இல்லாதவர் கமிஷன் கேட்டு வழக்குப் போட முடியாமல் போவதும் உண்டு. ஏஜென்டின் பதிவு எண் எந்தக் காலத்தில் செல்லுபடியானது என்று பார்த்துவிடுங்கள். இந்தியாவின் 2016 ரியல் எஸ்டேட் சட்டத்தில் ஏஜென்ட் பதிவு கட்டாயம் என்பது பதிவு செய்யப்பட்ட திட்டங்களின் விற்பனைக்குத்தான். தனியார் பழைய வீட்டை மறுவிற்பனை செய்யும்போது அந்த ஆயுதம் உதவாது.

பில் வந்துவிட்டது. என்ன செய்ய?

1. குப்பையில் போடாதீர்கள். கோபத்தில் பதில் எழுதவும் வேண்டாம். கிடைத்த தேதியைக் குறியுங்கள்.

2. எழுத்தில் ஐந்து விஷயங்கள் கேளுங்கள்: கையெழுத்திட்ட ஒப்பந்த நகல், எந்தப் பிரிவின்படி கேட்கிறார்கள், வாங்கியவரை அறிமுகம் செய்த தேதியும் ஆதாரமும், பட்டியல் கொடுத்ததற்கான சான்று, தொகையின் கணக்கு. பதிலுக்கு 14 நாள் கொடுங்கள்.

3. கணக்கைச் சரிபாருங்கள். சதவீதம் விற்ற விலைக்கா, கேட்ட விலைக்கா? வரி தனியா, உள்ளடக்கமா? சதவீதத்துக்கு வெளியே விளம்பரக் கட்டணம் நுழைந்திருக்கிறதா?

4. வாங்கியவரிடம் தேதிவாரியாக ஒரு சிறு எழுத்து வாக்குமூலம் பெறுங்கள். யார் மூலம் தெரியவந்தது, யாரோடு விலை பேசினார் என்று. விற்ற மறு மாதமே அதைப் பெறுவது நல்லது, பிறகு ஆள் பிடிப்பது கஷ்டம்.

5. விற்பனைப் பணத்திலிருந்து கமிஷனை நேராகக் கொடுக்க உங்கள் வழக்கறிஞருக்கு ஒப்பந்தம் அதிகாரம் கொடுத்திருந்தால், தொகை தகராறில் இருக்கிறது, கொடுக்காமல் தனியே வையுங்கள் என்று உடனே எழுதுங்கள்.

6. தொல்லை தீரட்டும் என்று கொஞ்சம் பணம் கொடுத்துவிடாதீர்கள். பகுதித் தொகை கொடுத்தது கடனை ஒப்புக்கொண்டதாகப் படிக்கப்படலாம், வழக்குக்கான காலக்கெடுவும் அதிலிருந்து புதிதாக ஓடலாம். கொடுப்பதென்றால், முழு இறுதித் தீர்வு என்ற எழுத்தோடு கொடுங்கள்.

பேச்சு முறிந்தால், ஏஜென்டின் சொந்தப் புகார்ப் பிரிவு, பிறகு குறைதீர்ப்பாளர் அல்லது ஒழுங்குமுறை அமைப்பு, பிறகு சமரசம், கடைசியாகச் சிறு தொகை நீதிமன்றம் என்ற வரிசை செலவு குறைந்தது. கமிஷனுக்கான ஒப்பந்த வழக்கின் காலக்கெடு இந்தியாவில் 3 ஆண்டு, இங்கிலாந்தில் 6 ஆண்டு. ஆகவே ஒரு வருடம் சத்தமில்லை என்பதால் கோப்பைத் தூக்கிப்போட வேண்டாம்.

நான் ஏஜென்ட். உரிமையாளர் என்னைத் தாண்டிப் போய் விற்றுவிட்டார்.

முதலில் பதிவு அலுவலகப் பொதுப் பதிவேட்டில் வாங்கியவர் பெயரையும் தேதியையும் விலையையும் எடுங்கள். அதில்லாமல் அனுப்பும் நோட்டீஸ் வெறும் ஊகம். வீடு காட்டிய அன்றைய செய்திப் பரிமாற்றங்கள், கையெழுத்திட்ட பார்வையாளர் சீட்டு, உரிமையாளருக்கு அனுப்பிய வாராந்தர அறிக்கை ஆகியவற்றை வரிசைப்படுத்துங்கள். பிறகுதான் பில். வாங்கியவரை மிரட்டி நோட்டீஸ் விடுவது பெரும்பாலும் பிசகு, அவரோடு உங்களுக்கு ஒப்பந்தமே இல்லை, உங்கள் சாட்சியும் அவர்தான். அமெரிக்காவில் 2024 ஆகஸ்ட் 17 முதல், ஏஜென்டுகளின் தேசிய அமைப்பான ரியல்டர் சங்கம் வழக்கில் செய்துகொண்ட சமரசப்படி, வாங்குபவரின் ஏஜென்ட் வீடு காட்டும் முன்பே அவரோடு எழுத்து ஒப்பந்தம் போடவேண்டும். அப்படிப்பட்ட ஒப்பந்தம் இருந்தால் மட்டும் வாங்குபவரிடம் கேட்பதற்கு இடம் உண்டு.

வாடகை வீட்டில், குத்தகை புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் பழைய ஏஜென்ட் கமிஷன் கேட்கலாமா?

எழுதியிருந்தால்தான், அதுவும் கண்ணில் படும்படி. பொடி எழுத்தில் மறைத்த புதுப்பிப்புக் கமிஷன் நுகர்வோருக்கு நியாயமற்றது என்று இங்கிலாந்து உயர் நீதிமன்றம் 2009-இல் சொல்லியிருக்கிறது.

அடுத்த ஒப்பந்தத்தில் என்ன வாசகம் எழுதச் சொல்லலாம்?

இப்படி எழுதலாம்: "இந்த ஒப்பந்தம் ___ தேதியோடு தானாகவே முடிகிறது, எழுத்தில் கையெழுத்திட்டால் அன்றி நீளாது. முடிந்த 5 நாட்களுக்குள் ஏஜென்ட் மின்னஞ்சலில் தரும் பட்டியலில் உள்ள, ஒப்பந்தக் காலத்தில் ஏஜென்டோடு நேரில் வந்து சொத்தைப் பார்த்த ஒருவரோ அவருடைய வாழ்க்கைத் துணை, பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தார், அல்லது அவர் கட்டுப்பாட்டு நிறுவனமோ, முடிந்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள் விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, அந்த விற்பனை நிறைவேறினால் மட்டுமே கமிஷன் உண்டு. உரிமையாளர் வேறு ஏஜென்டோடு எழுத்தில் தனி ஏஜென்ட் ஒப்பந்தம் செய்த நாளிலிருந்து இந்த உரிமை செல்லாது."

ஏஜென்ட் தரப்பில் அமர்ந்திருந்தால் 60-ஐ 120 ஆக்கக் கேட்பீர்கள், கடைசி வரியை "கமிஷன் பாதியாகும்" என்று மாற்றக் கேட்பீர்கள். அதைப் பேரம் பேசலாம். "நேரில் வந்து", "கையெழுத்திட்டு", "நிறைவேறினால்" என்ற மூன்று சொற்களை மட்டும் எந்தத் தரப்பும் தெளிவில்லாத வேறு சொல்லால் மாற்ற விடாதீர்கள்.